போதையில் செய்தால் தண்டனை குறையுமா?

கல்யாணப் பந்தியில் போன உயிரும், சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பதிலும்

“அவன் நல்ல பிள்ளைதான். அன்றைக்குக் குடித்திருந்தான். போதையில் கை நீண்டு விட்டது.”

கொலை வழக்கு நடக்கும் நாளில் கோர்ட்டு வாசலில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். பெற்ற தாய் சொல்லுவாள். கட்டிய மனைவி சொல்லுவாள். ஊர்க்காரர்களும் தலையை ஆட்டுவார்கள். குடித்திருந்தான் என்று சொன்னால் ஜட்ஜு மனம் இரங்குவார், தண்டனை குறையும் என்பது பலருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை சரிதானா?

புதுக்கோட்டைச் சீமையில் கூட்டம் கூடும் நாட்களுக்குப் பஞ்சமில்லை. தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. ஆடி வந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து. கோடையில் கோவில் திருவிழா. நடுவே கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு. ஆயிரம் பேர் சந்தோஷமாகக் கூடும் இடத்தில் நாலு பேர் குடித்துவிட்டு வருவதும் உண்டு. முதலில் வார்த்தை தடிக்கும். பிறகு சட்டையைப் பிடிப்பார்கள். பெரியவர்கள் ஓடிவந்து விலக்கி விடுவார்கள். பெரும்பாலும் அதோடு முடிந்து விடும்.

என்றோ ஒரு நாள், விலக்க ஆள் இல்லாமல் போகும். அன்று ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். மற்றவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பாவிட்டால், ஸ்டேஷனுக்குப் போனவரும் பல ஆண்டுகளுக்கு வீடு திரும்ப மாட்டார்.

அப்போது எழும் கேள்விதான் இது: குடிபோதை குற்றத்தைக் குறைக்குமா?

இதே கேள்வி 1956-ம் ஆண்டிலேயே டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போய்விட்டது. அந்த வழக்குக்குக் காரணம் நிலத் தகராறு இல்லை. பழைய பகையும் இல்லை. பந்தியில் உட்கார ஓர் இடம்!

கல்யாண வீடு

பாட்டியாலாவைத் தலைநகராகக் கொண்டு அப்போது ‘பெப்சு’ என்று ஒரு ராஜ்யம் இருந்தது. பஞ்சாப் பகுதியில் இருந்த சுதேச சமஸ்தானங்களைச் சேர்த்து உண்டாக்கிய ராஜ்யம் அது. (1956 நவம்பரில் அது பஞ்சாபோடு இணைந்து விட்டது.)

அங்கே ஒரு கிராமத்தில் பாஸ்தேவ் என்பவர் இருந்தார். பட்டாளத்தில் ஜமேதாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1954 மார்ச் 12-ந் தேதி அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் வேறு ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அதே ஊரைச் சேர்ந்த ஒரு பையனும் போயிருந்தான். அவனுக்கு 15 அல்லது 16 வயது.

கல்யாண வீட்டில் குடி தாராளமாக நடந்தது. ஜமேதாரும் நிறையக் குடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண் வீட்டில் எல்லோரும் உட்காரத் தொடங்கினார்கள். சிலர் உட்கார்ந்து விட்டார்கள். சிலர் இடம் பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஜமேதார் அந்தப் பையனைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். தமக்கு வசதியான இடம் வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

பையன் நகரவில்லை.

ஜமேதார் கைத்துப்பாக்கியை உருவினார். பையனின் வயிற்றில் சுட்டார். அந்தக் காயத்தால் பையன் இறந்து போனான்.

பந்திக்கு முந்து என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பந்தியில் முந்துவதற்காக ஒரு சிறு பிள்ளையின் உயிர் போயிற்று.

ஜட்ஜு கொடுத்த தண்டனை

ஜமேதார் மீது கொலை வழக்கு நடந்தது. செஷன்ஸ் ஜட்ஜு விசாரித்தார். ஜமேதார் அளவுக்கு மீறிக் குடித்திருந்தார் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ‘ஏறக்குறைய நினைவு தப்பிய நிலையில் இருந்தார்’ என்று ஒரு சாட்சி சொன்னதையும் கவனித்தார். முன்விரோதம் இல்லை, திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பதையும் எடுத்துக் கொண்டார். ஆகவே தூக்குத் தண்டனை கொடுக்காமல், ஆயுள் முழுவதும் தீவாந்தர தண்டனை விதித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நாளைய நடைமுறைச் சட்டப்படி கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை. தூக்கு வேண்டாம் என்று ஜட்ஜு நினைத்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். இன்று நிலைமை தலைகீழ். 1973-ம் ஆண்டு நடைமுறைச் சட்டத்துக்குப் பிறகு ஆயுள் தண்டனைதான் வழக்கம். தூக்கு விதித்தால்தான் தனிக் காரணம் எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில், அரிதிலும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே தூக்கு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஜமேதார் பாட்டியாலா ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார். பலிக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். குடிபோதையைக் கணக்கில் எடுத்தால் இது 302-வது பிரிவின்படி கொலையா, 304-வது பிரிவின்படி அதற்குக் கீழ்ப்பட்ட குற்றமா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்க சுப்ரீம் கோர்ட்டு சம்மதித்தது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி என். சந்திரசேகர அய்யர். சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து, பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்.

அறிவு வேறு, நோக்கம் வேறு

இந்திய தண்டனைச் சட்டம் 1860-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 85, 86-வது பிரிவுகள் குடிபோதையைப் பற்றியவை.

ஒருவருக்குத் தெரியாமல் யாரோ எதையோ கலந்து கொடுத்து விட்டார்கள். அல்லது பலவந்தமாக வாயில் ஊற்றி விட்டார்கள். அந்தப் போதையில் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அவர் ஒரு காரியம் செய்து விட்டார். அவரைச் சட்டம் குற்றவாளி ஆக்காது. இது 85-வது பிரிவு.

தானே விரும்பிக் குடித்தவன் கதை வேறு. அவனுக்கு 86-வது பிரிவு. ‘நிதானமாக இருக்கும் மனிதனுக்கு என்ன தெரியுமோ, அது உனக்கும் தெரியும் என்றே வைத்துக் கொள்வோம்’ என்கிறது சட்டம். தலையில் இரும்புக் கம்பியால் அடித்தால் ஆள் சாவான் என்பது நிதானத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே, “போதையில் எனக்கு அது தெரியவில்லை” என்று குடித்தவன் சொல்ல முடியாது.

ஆனால் கொலைக் குற்றத்துக்கு அறிவு மட்டும் அல்லாமல் நோக்கமும் பார்க்கப்படுகிறது. ‘இவனைக் கொல்ல வேண்டும்’ அல்லது ‘சாகும்படியான காயம் உண்டாக்க வேண்டும்’ என்ற எண்ணம் இருந்ததா? மனதில் இருப்பதை யார் பார்த்தார்? கை செய்ததைப் பார்த்துத்தான் மனம் நினைத்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். போதை எவ்வளவு ஏறியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நோக்கத்தை உண்டாக்கிக் கொள்ளவே முடியாத அளவுக்கு மூளை மழுங்கியிருந்தது என்று நிரூபணம் ஆனால், குற்றம் ஒரு படி கீழே இறங்கலாம். அப்போதும் விடுதலை கிடையாது.

குடித்ததால் கோபம் சீக்கிரம் வந்தது, கை சீக்கிரம் ஓங்கியது என்று மட்டும் சொன்னால் போதாது. அது பலன் தராது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது.

மன்னிப்பே சாட்சியம் ஆயிற்று

ஜமேதார் அந்த அளவுக்கு நினைவு தப்பி இருந்தாரா? சுப்ரீம் கோர்ட்டு நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

அவர் யாரும் தாங்கிப் பிடிக்காமல் தாமே நடந்து பந்திக்கு வந்தார். சில சமயம் தடுமாறினாலும், தெளிவாகவும் பேசினார். எந்த இடம் வசதி என்று தாமே தேர்ந்தெடுத்தார். பையனைத் தள்ளி உட்காரச் சொன்னார். சுட்ட பிறகு அங்கே நிற்காமல் தப்பிப் போக முயன்றார். கொஞ்ச தூரத்தில் பிடிபட்டார். ஸ்டேஷனுக்குக் கொண்டு போகும்போது யாரும் அவரைத் தூக்கிப் போக வேண்டி இருந்ததாகச் சாட்சியம் இல்லை.

பிடிபட்டவுடன் அவர் என்ன சொன்னார் தெரியுமா? தம்மால் இப்படி நடந்து விட்டது, மன்னித்து விடுங்கள் என்று கேட்டுக் கொண்டார்.

தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்பது நல்ல குணம்தான். ஆனால் கோர்ட்டு அதை வேறு விதமாகவும் பார்த்தது. மன்னிப்புக் கேட்டவருக்கு, தாம் செய்தது என்ன என்று தெரிந்திருக்கிறது! நினைவு தப்பியவர் மன்னிப்புக் கேட்க மாட்டார்.

1956 ஏப்ரல் 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. குற்றம் கொலையே. அப்பீல் தள்ளுபடி. ஆயுள் தண்டனை உறுதி.

‘பாஸ்தேவ் வழக்கு’ என்று சட்டப் புத்தகங்களில் பெயர் பெற்ற தீர்ப்பு இது. பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் ஒரு வக்கீல் ‘என் கட்சிக்காரர் போதையில் இருந்தார்’ என்று வாதாடினால், எதிர் வக்கீல் எடுத்துக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். 2006-ல் ராஜஸ்தானிலிருந்து போன ஒரு கொலை வழக்கிலும், குடிபோதையைக் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது.

மூன்று படிகள்

ஒருவர் அடிபட்டு இறந்தால் எல்லா வழக்கிலும் ஒரே தண்டனையா? இல்லை. சட்டத்தில் படிகள் இருக்கின்றன.

மேல் படி கொலை. பழைய சட்டத்தில் 302-வது பிரிவு. தூக்கு அல்லது ஆயுள் தண்டனை, அதோடு அபராதம்.

நடுப் படி, கொலை ஆகாத மரணக் குற்றம். பழைய சட்டத்தில் 304-வது பிரிவின் முதல் பகுதி. சாகடிக்கும் நோக்கம் இருந்தும், சட்டம் ஒப்புக்கொள்ளும் ஒரு காரணத்தால் கொலை என்ற பெயரிலிருந்து தப்பிய குற்றம் இது. ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை.

கீழ்ப் படி, 304-வது பிரிவின் இரண்டாம் பகுதி. கொல்லும் நோக்கம் இல்லை. ஆனால் இப்படி அடித்தால் ஆள் சாகக்கூடும் என்பது தெரியும். இதற்கும் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் கொலைக்கு 103-வது பிரிவு. மற்ற இரண்டுக்கும் 105-வது பிரிவு. நடுப் படியில் சிறைக்காலம் 5 ஆண்டுக்குக் குறையக்கூடாது என்று புதிதாகச் சேர்த்து விட்டார்கள். கீழ்ப் படியில் முன்பு சிறை அல்லது அபராதம் என்று இருந்தது. இப்போது சிறையும் அபராதமும் சேர்ந்தே வரும். குடிபோதை பற்றிய 85, 86-வது பிரிவுகள் புதிய சட்டத்தில் 23, 24 என்று எண் மாறின. விஷயம் மாறவில்லை. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

“ஒரே ஒரு அடிதான்!”

போதைக்கு அடுத்தபடி கோர்ட்டு வாசலில் கேட்கும் பேச்சு இது. “ஒரே ஒரு அடிதான் அடித்தான். அதற்கு ஆயுள் தண்டனையா?”

1958-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு விர்சா சிங் வழக்கு என்று ஒன்று வந்தது. அதில் ஈட்டியால் ஒரே ஒரு குத்துதான். குத்து வயிற்றில் இறங்கியது. குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். ‘கொல்ல நினைக்கவில்லை’ என்று வாதம் நடந்தது. நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. கொல்ல நினைத்தானா என்று தேட வேண்டியதில்லை. அந்தக் காயத்தை வேண்டும் என்று உண்டாக்கினானா, அந்தக் காயம் இயல்பாகவே உயிரைப் போக்கப் போதுமானதா, இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அது கொலையே என்றார்.

எத்தனை அடி என்பது மட்டும் கணக்கு இல்லை. எங்கே அடித்தான், எதனால் அடித்தான் என்பதும் கணக்கு.

அதே சமயம், சட்டத்துக்கு மனித சுபாவமும் தெரியும். எதிர்பாராமல் மூண்ட சண்டை. முன்கூட்டித் திட்டம் இல்லை. கோப வெறியில் நடந்தது. எதிரியின் பலவீனத்தைப் பயன்படுத்தவில்லை, கொடூரமாகவும் நடந்து கொள்ளவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் கொலை என்பது ஒரு படி இறங்கும். 1989-ல் சண்டிகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அப்படி இறக்கியது. அது குடியிருக்கும் இடத்தைப் பற்றிய வாய்ச்சண்டை. ஆபாசமாகத் திட்டிக் கொண்டபோது ஒருவர் சமையல் அறைக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து குத்தி விட்டார். திடீர்ச் சண்டையில் நடந்தது என்பதால் கொலைக் குற்றம் 304-வது பிரிவின் முதல் பகுதியாகக் குறைந்தது.

அங்கே குற்றத்தைக் குறைத்தது திடீரென்று மூண்ட சண்டை. குடி அதற்குக் காரணம் ஆகவில்லை. இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

ஜட்ஜு எதை எடை போடுகிறார்?

நோக்கம் இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை 2006-ல் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வரிசையாக எழுதியது. எளிய தமிழில் சொன்னால் இப்படி:

ஆயுதம் எது? அதைக் கையிலேயே கொண்டு வந்தானா, அந்த இடத்தில் கிடந்ததை எடுத்தானா? அடி உடம்பில் எங்கே விழுந்தது? எவ்வளவு பலத்தோடு அடித்தான்? ஒரு அடியா, பல அடியா? திடீர்ச் சண்டையா, பழைய பகையா? எதிரி கோபமூட்டினானா? கையில் ஒன்றும் இல்லாதவனை அடித்தானா?

இவற்றுக்கெல்லாம் பதில் சாட்சிகளிடம் இருக்கிறது. டாக்டரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. சண்டை போட்டுக் கொண்டு வீட்டுக்குப் போய், அரிவாளை எடுத்துக் கொண்டு திரும்பி வந்தவன் ‘திடீர்ச் சண்டை’ என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் கோபம் ஆறியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. போதை ஏறியவன்தான் பெரும்பாலும் இந்தத் தவறைச் செய்கிறான்.

புதுக்கோட்டையிலிருந்து போகும் வழி

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அதற்கென்று தனி ‘சீப் கோர்ட்டு’ இருந்தது. பிறகு திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டம் ஆயிற்று.

ஆலங்குடியிலோ, கந்தர்வகோட்டையிலோ, திருமயத்திலோ ஒரு கொலை நடந்தால், வழக்கு முதலில் அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போகும். கொலை வழக்கை முடிக்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு இல்லை. அவர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவார். செஷன்ஸ் ஜட்ஜுதான் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுவார்.

குற்றவாளி என்று சொன்னவுடனே தண்டனையைச் சொல்லிவிட மாட்டார்கள். “தண்டனை பற்றி நீ என்ன சொல்ல விரும்புகிறாய்?” என்று ஜட்ஜு கேட்பார். கேட்டே ஆகவேண்டும் என்று 1973-ம் ஆண்டு சட்டம் விதித்தது. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. வயதான தாய், கைக்குழந்தை, முன்பு ஒரு குற்றமும் செய்யாதது எல்லாம் சொல்ல வேண்டிய நேரம் அது. ஆனால் சட்டம் விதித்த குறைந்த அளவுக்குக் கீழே ஜட்ஜு போக முடியாது. கொலைக்குக் குறைந்த தண்டனையே ஆயுள்தான்.

பேப்பரில் இரண்டு வரிகளைப் பலரும் படித்திருப்பார்கள். ‘அபராதம் கட்டத் தவறினால் மேலும் இத்தனை மாதம் சிறை.’ இது அபராதத்துக்குப் பதிலான தனிச் சிறை. ‘தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்.’ இரண்டு குற்றங்களுக்கு 7 ஆண்டும் 3 ஆண்டும் விதித்தால், 10 ஆண்டு ஆகாது. 7 ஆண்டில் இரண்டும் முடியும். குறிப்பிட்ட ஆண்டுகள் சிறை விதித்திருந்தால், விசாரணையின்போது சிறையில் இருந்த நாட்களும் கழிக்கப்படும்.

‘ஆயுள் என்றால் 14 வருடம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. ஆயுள் தண்டனை என்றால் உயிர் உள்ள வரை என்று 1961-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அரசாங்கம் கருணை காட்டி முன்கூட்டி விடலாம். ஆனால் தூக்குக்கும் உரிய கொலை போன்ற குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, அவர் 14 ஆண்டு சிறையில் கழிப்பதற்கு முன் அப்படி விட முடியாது என்று 1978-ல் சட்டம் வந்தது. 14 ஆண்டு முடிந்தால் கதவு தானாகத் திறக்காது.

அப்பீலுக்கு முன்பெல்லாம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 400 கிலோ மீட்டர். 2004 ஜூலை 24-ல் மதுரையில் ஐகோர்ட்டு கிளை திறந்த பிறகு, புதுக்கோட்டை மக்களுக்கு மதுரை போதும். தண்டனை பெற்றவரைப் பார்க்க வேண்டும் என்றால் குடும்பம் திருச்சி மத்திய சிறைக்கு பஸ் ஏற வேண்டும்.

பத்து ரூபாய்க் குற்றம்

குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்வதற்கும் சட்டத்தில் ஒரு தண்டனை உண்டு. 1860-ம் ஆண்டுச் சட்டத்தின் 510-வது பிரிவு. 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

10 ரூபாய்! நூற்றி அறுபது ஆண்டுக்கு மேல் அது மாறாமலே இருந்தது. 2024-ல் வந்த புதிய சட்டத்தின் 355-வது பிரிவு அதை 1,000 ரூபாய் வரை உயர்த்தியது. சமுதாய சேவை செய்ய வைக்கவும் வழி செய்தது.

ஒரே ராத்திரி, ஒரே ஆள், ஒரே பாட்டில். சத்தம் போட்டதோடு நின்றால் 24 மணி நேரம். தடியை எடுத்து ஒருவர் தலையில் அடித்து அவர் இறந்தால் 10 ஆண்டு, அல்லது ஆயுள் முழுவதும். இரண்டுக்கும் நடுவே சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் இரண்டு உயிர்கள் தொங்குகின்றன.

குடியை ஒழிக்கத் தமிழகம் பலமுறை முயன்றது. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்தபோது, 1948 அக்டோபர் 2-ல் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவியது. ஜமேதார் வழக்கில் தீர்ப்பு வந்த ஆண்டில் தமிழ்நாட்டில் சாராயக் கடையும் கள்ளுக்கடையும் சட்டப்படி கிடையாது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு வந்தது, மறுபடி போனது. 1983-ல் ‘டாஸ்மாக்’ அமைந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில்தான். கடைகளைக் குறைப்பதும் நேரத்தைக் குறைப்பதும் நடந்திருக்கின்றன. கடை எங்கே இருந்தாலும், ஒருவன் போதையில் செய்ததற்கு அவன்தான் பொறுப்பு என்ற சட்டம் மட்டும் இத்தனை ஆண்டுகளில் அசையவில்லை.

இரண்டு வீடுகள்

கொலை வழக்கில் ஊர்ப் பஞ்சாயத்து செல்லாது. இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் இருக்கலாம். சொந்தக்காரர்களாகவும் இருக்கலாம். பணம் கொடுத்து, கால் பிடித்து, சமாதானமும் ஆகலாம். ஆனால் கொலையையும் மரணக் குற்றத்தையும் ராஜி பேசி முடிக்கச் சட்டத்தில் இடம் இல்லை. வழக்கை நடத்துவது அரசாங்கம். சாட்சி பிறழ்ந்தால் பொய்ச் சாட்சி வழக்கு வரலாம்.

இறந்தவர் வீட்டுக்குச் சட்டம் சில உதவிகள் வைத்திருக்கிறது. குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுக்க ஜட்ஜு உத்தரவு போடலாம். அது போதாவிட்டால், அரசாங்கப் பணத்திலிருந்து இழப்பீடு கேட்கலாம். இதற்காக 2013-ல் தமிழ்நாட்டில் தனித் திட்டம் வந்தது. கேட்க வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு. மாவட்டக் கோர்ட்டோடு சேர்ந்து இயங்குவது அது. குடும்பத்தில் சம்பாதித்தவரே போய்விட்டார் என்றால் தயங்காமல் மனுப் போடலாம்.

சிறைக்குப் போனவர் வீட்டுக்கும் ஒரு வழி உண்டு. வக்கீல் வைக்கப் பணம் இல்லாவிட்டால் அதே ஆணைக் குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். காவலில் இருப்பவர்களுக்கும், பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இந்த உதவி கிடைக்கும்.

இத்தனை உதவி இருந்தாலும், ஒரு வீட்டில் தகப்பன் படத்துக்கு மாலை போட்டிருக்கும். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் தகப்பனைச் சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். இரண்டு வீட்டிலும் அடுப்பை எரிய வைக்கும் பாரம் ஒரு பெண்ணின் தலையில் விழும்.

சண்டை முற்றுவதற்கு முன்

குடித்தவனோடு யாரும் நியாயம் பேச வேண்டாம். விடிந்த பிறகு பேசலாம். அவனோடு வந்த சிநேகிதர்கள் அவனை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். கையில் எட்டும் கம்பு, கத்தி, அரிவாளை அப்புறப்படுத்த வேண்டும். ‘அவனா உன்னை இப்படிச் சொன்னான்’ என்று தூபம் போடுபவனை முதலில் விரட்ட வேண்டும். அடங்காவிட்டால் 112-க்குப் போன் செய்தால் போலீசார் வருவார்கள். யாருக்காவது தலையில் அடிபட்டால் ‘ஒன்றும் இல்லை, தூங்கினால் சரியாகிவிடும்’ என்று படுக்க வைக்கக்கூடாது. தலைக்குள் ரத்தக் கசிவு உடனே தெரியாது. 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு போன் அடிபட்டவரின் உயிரையும் காப்பாற்றலாம், அடித்தவரின் ஆயுளையும் காப்பாற்றலாம்.

ஏனென்றால், விடிந்ததும் போதை தெளிந்து விடும். தண்டனை தெளியாது.